இராயப்பர் நாற்காலி

அந்தப் பைய எடுத்து மடியில வச்சுக்கங்க. சீட்டு ஆளுக்கா, பைக்கா? ... சரி சரி, கோவிச்சுக்காதீங்க. நான் சண்டைக்கு வரல. ஒண்ணரை மாசமா வாயத் தொறந்தாலே எனக்கு இப்படித்தான் வருது.

எந்த ஊரு? ஊரு சரி, அதுல எந்தத் தெரு? ... சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க. இந்தக் காலத்துல தெருவக் கேட்டாலே மொறைக்கிறாங்க. வேதக்காரவுகளா, கிறிஸ்தவங்களா நீங்க? இல்லையா? அப்ப நான் கொஞ்சம் வெளக்கித்தான் சொல்லணும்.

நான் ஆயர் இல்லத்துக்குப் போறேன். ஆயருன்னா எங்க சாமியாருகளுக்கெல்லாம் மேல உள்ள பெரிய சாமியாரு. எங்க ஊரு பங்குச் சாமியார மாத்துங்கன்னு மனு குடுக்கப் போறேன். இந்தா, சட்டைப் பையில இருக்கு பாருங்க கவரு. பன்னெண்டு கையெழுத்து. அதுல பதினொண்ணு ஊருல முக்கியமான ஆளுக. எம் பேரு இன்னாசிமுத்து, கடலையெண்ணெய் மில்லு வச்சிருக்கேன். எங்க கோயில் வாசல்ல மொதல் தூணுல எங்க தாத்தா பேரைத்தான் செதுக்கியிருக்கும். பெருமைக்குச் சொல்லல, தகவலுக்குச் சொல்றேன்.

அந்தச் சாமியாரு பேரு எட்வின். முப்பத்தஞ்சு வயசு இருக்குமா? சைக்கிள்ல போறாரு. அவரு என்ன செஞ்சாருன்னு கேளுங்க. எங் குடும்பத்தப் பிரிச்சுட்டாரு. எம் வீட்டுக்காரி பரிபூரணம், முப்பத்தாறு வருசம் எங்கூட வாழ்ந்தவ, இன்னைக்கு எம் வீட்டுல இல்ல. அவளத் திருப்பிக் கொண்டாரணும்னா இந்த ஆளு ஊர விட்டுப் போகணும். அதுக்குத்தான் இந்த மனு. வேற ஒண்ணுமில்ல.

மொதல்லருந்து சொல்றேன்.

எங்கள்ல பெரிய வியாழன்னு ஒரு நாளு. ஏசுசாமியச் சிலுவையில அறையுறதுக்கு மொத நாளு. அன்னைக்கு அவரு என்ன செஞ்சாருன்னா, தன் சீடருக பன்னெண்டு பேரு காலையும் குனிஞ்சு கழுவினாரு. அந்த நெனவா ஒவ்வொரு வருசமும் பூசையில பன்னெண்டு பேர நாற்காலி போட்டு ஒக்கார வச்சு, சாமியாரு வந்து காலக் கழுவி, துண்டால தொடச்சு, முத்தி செய்வாரு. முத்தின்னா முத்தம். இதுதான் சடங்கு. மத்த ஊருல யாரு யாரு ஒக்காருவாங்களோ எனக்குத் தெரியாது. எங்க ஊருல ஒரு மொறை இருக்கு. பன்னெண்டு நாற்காலிக்கும் பன்னெண்டு சீடரு பேரு. மொத நாற்காலி இராயப்பருக்கு. சீடருகள்ல தலைவரு அவருதான், மோட்சத்துச் சாவி அவரு கையிலதான் இருக்கு. பத்தொம்பது வருசமா அந்த நாற்காலியில நாந்தான்.

லேசுப்பட்ட காரியமில்லங்க அது. சாமியாரு ஒதட்ட வைக்கிற காலு. திங்கக்கெழமையே எம் வீட்டுக்காரி சுடுதண்ணியில உப்பப் போட்டுக் கால ஊற வைப்பா. குதிகால் வெடிப்புக்கு வேப்பெண்ணெய். புதன்கெழமை நகம் வெட்டி, நுரைக்கல்லு வச்சுத் தேச்சு, வியாழக்கெழமை பூசைக்குப் பொறப்படயில சோப்புப் போட்டு இன்னொருக்காக் கழுவி, புதுச் செருப்ப மாட்டி விடுவா. அழுக்குக் காலோட பீடத்துல போயி ஒக்கார முடியுமா? கழுவின காலத்தான் சாமியாரு கழுவணும். அதுதான் மரியாதை.

இதுல ஒரு சிக்கலு உண்டு. பன்னெண்டு பேருல ஒருத்தன் யூதாசு. ஏசுவக் காட்டிக் குடுத்தவன். அந்த நாற்காலியில எவன் ஒக்காருவான்? ஆம்பளப் பிள்ளைக்குப் பொண்ணு பாக்குற வீட்டுல, ‘உங்கப்பாதான யூதாசு’ன்னு கேட்டுறக் கூடாதுல்ல? அதுக்கு எங்க தாத்தா காலத்துலயே ஒரு வழி கண்டுபிடிச்சாக. அந்த ஒரு நாற்காலிய மட்டும் கீழத்தெருவுக்குக் குடுத்தாக. கீழத்தெரு ஆளுகளும் வேதக்காரவுகதான், ஆனா நம்ம ஆளுக கெடையாது, புரியுதுல்ல? சவரிமுத்துன்னு ஒரு கெழவரு, ரொம்ப நல்ல மனுசன், இருபது வருசத்துக்கு மேல யூதாசா ஒக்காந்தாரு. ஒரு வார்த்தை சொன்னதில்ல. பன்னெண்டுல ஒண்ணு அவுகளுக்கு. பாகுபாடு பாகுபாடுங்குறாங்களே, பாகுபாடு பாத்தா அந்த ஒரு நாற்காலியக் குடுத்திருப்போமா, சொல்லுங்க?

கோயில்ல கூட அவுகள யாரும் பின்னாடி ஒக்காருன்னு சொல்றதில்ல. அவுகளா ஒக்காருறாங்க. பழகிருச்சு.

சவரிமுத்து போன தை மாசம் செத்துப் போனாரு. எட்வின் சாமியாரு அப்பத்தான் வந்து மூணு மாசம். தபசு காலம், அதான் ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாளு, தொடங்குனதும் பங்குப் பேரவை கூட்டத்துல நாந்தான் நல்லதுக்குச் சொன்னேன். ‘சாமி, யூதாசு எடம் காலியா இருக்கு, கீழத்தெருவுல யாரயாச்சும் பாத்து வையுங்க’ன்னேன். மனுசன் பேனாவ அப்படியே கீழ வச்சாரு. ‘ஏன் கீழத்தெருவுல?’ன்னாரு. மொறைன்னேன். ‘எத்தன வருசமா?’ன்னாரு. சொன்னேன். அப்புறம், ‘இந்த வருசம் நானே பாத்துக்கிறேன்’னாரு. சரி, இளந்தாரி, ஏதோ பொறுப்பா செய்யப் போறாருன்னு நெனச்சேன். ஓணானை எடுத்து நானே வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டேன்.

குருத்து ஞாயிறு, அதாவது பெரிய வியாழனுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிஞ்சதும் மைக்குல சொன்னாரு, ‘போன வருசம் வரைக்கும் சீடர்களா இருந்த பதினோரு பேருக்கும் இந்த வருசம் பெரிய வியாழன் அன்னைக்கு ஒரு பெரிய பொறுப்பு இருக்கு, ஏத்துக்கிறீங்களா?’ எல்லாருக்கும் முன்னாடி நான் எந்திரிச்சு, ‘ஏத்துக்கிறோம் சாமி’ன்னேன். நான் என்ன நெனச்சேன்னா, பூசை முடிஞ்சு நற்கருணை அப்பத்த எடுத்துக்கிட்டுப் பவனி வருவாங்க, அதுக்கு மேல பட்டுக்குடை பிடிக்கணும். அது எங்க ஊருல பெரிய கௌரவம். அதத்தான் சொல்றாருன்னு நெனச்சு, புதுப் பட்டு வேட்டி ஒண்ணு எடுத்தேன். திங்கக்கெழமை வழக்கம் போலக் கால ஊற வச்சேன்.

வியாழக்கெழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனா, பீடத்துக்கு முன்னாடி பன்னெண்டு நாற்காலி. அதுல யாரு யாருன்னு கேளுங்க. சாக்கடை அள்ளுற ராக்கு, அவ வேதக்காரி கூட இல்ல. நூல் மில்லுல வேல பாக்குற ஒரிசாப் பொண்ணு ஒண்ணு. பஸ் ஸ்டாண்டுல கைதட்டிக் காசு கேக்குற மதின்னு ஒரு ஆளு, ஆம்பளையா பொம்பளையான்னு நமக்குத் தெரியாது. குடிச்சுப்புட்டு வேலிக்குள்ள கெடக்குற அந்தோணி. பொம்பளைங்க எப்படின்னு சாமியாரக் கேட்டதுக்கு, ‘ரோமாபுரியிலயே ஒத்துக்கிட்டாச்சு’ங்குறாரு. ரோமாபுரியில ஒத்துக்கிட்டா? எங்க ஊருல ஒத்துக்க வேணாமா?

அதெல்லாம் போகட்டும். மொத நாற்காலி, என் நாற்காலி, அதுல ஒக்காந்திருந்தது பிரிட்டோ.

பிரிட்டோ யாருன்னு சொல்லலையா நான்? ... சொல்லணும்ல.

எனக்கு ஒரே மக. ஜெசிந்தா. எம்.எஸ்சி. படிச்சவ. ஆறு வருசத்துக்கு முன்னாடி இந்தப் பிரிட்டோவக் கட்டுவேன்னு நின்னா. கரண்டு ஆபீசுல லைன்மேன், கீழத்தெரு. எங்கள்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு கோயில்ல ஓலை வாசிப்பாங்க, இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லலாம்னு. மூணாவது ஓலையில நான் எந்திரிச்சு நின்னேன். தடை இருக்குன்னேன். என்ன தடைன்னாரு அப்ப இருந்த சாமியாரு. ஊருக்கே தெரியும், எம் வாயால வேற சொல்லணுமான்னேன். அவரு வெவரமான மனுசன், நிறுத்திப்புட்டாரு. அதுக வேற ஊரு பங்குக் கோயில்ல போயிக் கட்டிக்கிச்சுக. நான் போகல. பரிபூரணத்தையும் போக விடல. கோயிலுக்குப் பின்னாடி எரநூறு தப்படியில குடியிருக்கா. ஆறு வருசம் நான் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்ததில்ல. நாலு வயசுல ஒரு பேத்தி இருக்காம். பேரு கூட எனக்குத் தெரியாது. அமலி, அமலின்னு கூப்பிடுவாங்க. எடது கைப் பழக்கம். பூசையில திவ்விய நன்மை அப்பம் வாங்க அவ அம்மா பின்னாடியே வந்து, கைய நீட்டிப்புட்டு, சின்னப் பிள்ளைக்குக் குடுக்க மாட்டாங்கன்னதும் ஒதட்டப் பிதுக்கும். மத்தபடி எனக்கு ஒண்ணும் தெரியாது.

எங்க விட்டேன்? ஆங். சாமியாரு பிரசங்கத்துல ரெண்டே வார்த்தைதான் சொன்னாரு. ‘கழுவின காலக் கழுவ நான் தேவையில்ல. இந்த மேசையில யாருக்கு எடமில்லன்னு நாம சொன்னோமோ, அவங்க காலத்தான் நாம மொதல்ல கழுவணும்.’ அம்புட்டுத்தான். சொல்லிப்புட்டு எங்க பதினோரு பேரையும் வரச் சொன்னாரு. ஆளுக்கு ஒரு செம்பு, ஒரு தாம்பாளம், ஒரு துண்டு. ‘அவங்கவங்க நாற்காலியில இருக்கிறவங்களுக்கு நீங்க கழுவுங்க. சவரிமுத்து தாத்தா நாற்காலிக்கு நான் கழுவுறேன்’னாரு. அங்க ராக்கு ஒக்காந்திருந்தா.

குடையாவது மண்ணாவது!

எல்லாம் என்னயப் பாக்குறாங்க. ஏத்துக்கிறோம்னு சொன்னவன் நாந்தான. பட்டு வேட்டியோட போயி முன்னாடி நின்னேன். அவன் வேலயிலருந்து நேரா வந்திருக்கான். காக்கி பேண்ட மடிச்சு விட்டிருக்கான். காலு அப்படி இருக்கு, கம்பம் ஏறி ஏறிப் பாதமெல்லாம் காச்சுப் போயி, கட்டை வெரலு நகமே இல்ல. சாமியாரு ஒரு கையில மைக்கப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நிக்கிறாரு. நான் இன்னும் குனியக்கூட இல்ல. அவன் காலச் சுருக்குன்னு நாற்காலிக்கு அடியில இழுத்துக்கிட்டு சொல்றான், ‘வேணாம் மாமா, நீங்க குனியாதீங்க.’

மாமா! மைக்குல! கோயிலு முழுக்கக் கேட்டுச்சு. வெளிய ஸ்பீக்கரு கட்டியிருக்கு, பஜார் வரைக்கும் கேட்டிருக்கும். ஆறு வருசமா நான் ஒத்துக்காத ஒறவ அந்தப் பய ஒரே வார்த்தையில ஊருக்குச் சொல்லிப்புட்டான்.

தாம்பாளம் விழுந்துருச்சு. நான் எறியல. விழுந்துருச்சு. எறிஞ்சேன்னு சொல்றவன் எல்லாம் அன்னைக்குக் கடைசி வரிசையில இருந்தவன். தண்ணியெல்லாம் படியில ஓடுது. நான் திரும்பிப் பாக்காம நடுவுல நடந்து வெளிய வந்துட்டேன். என்ன நெனச்சேன்? பின்னாடியே பத்துப் பேரும் வருவாங்க, பரிபூரணம் வருவா. அவ எப்பயுமே எனக்கு நாலு எட்டு பின்னாடிதான் நடப்பா. நான் நின்னா நிப்பா. மாதா செலை இருக்குற கெபி வரைக்கும் நடந்துட்டு, சரி இப்பத் திரும்புவோம்னு திரும்புறேன். ஒருத்தரும் இல்ல.

மறுநா, சாமியாருக்கு ஒத்தாசையா இருக்குற உபதேசியாரு வந்து சொல்லித்தான் தெரியும். நான் வெளியேறுனதுமே பொம்பளைங்க பக்கத்துலருந்து பரிபூரணம் எந்திரிச்சு வந்திருக்கா. கீழ கெடந்த துண்ட எடுத்து, படியில தேங்குன தண்ணியில நனச்சு, முட்டி போட்டு ஒக்காந்து, ‘காலக் குடுங்க தம்பி’ன்னிருக்கா. பேத்தி வேற ஓடி வந்து, ‘நானும், நானும்’னு தன் காலையும் நீட்டுச்சாம். அதையும் கழுவிவிட்டாளாம். அதப் பாத்துப்புட்டு அந்தப் பத்துப் பேரும் ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா குனிஞ்சுட்டாங்க. மதி காலக் கழுவினது யாரு தெரியுமா? ஊராட்சித் தலைவரு!

அப்புறம் அதே பத்துப் பேரும் எம் மனுவுலயும் கையெழுத்துப் போட்டாங்கங்குறது வேற கதை. கழுவினது சாமியாருக்காகவாம், கையெழுத்து எனக்காகவாம். இப்படியும் ஆளுக இருக்காங்க.

பெரிய வியாழன் ராத்திரி பரிபூரணம் வீட்டுக்கு வந்தா. ஒண்ணும் நடக்காத மாதிரி சோறு வடிச்சா. சாப்பாட்டப் போட்டுட்டு மட்டும் சொன்னா, ‘ஈஸ்டருக்கு நான் ஜெசிந்தா வீட்டுல சாப்பிடப் போறேன். நீங்களும் வாங்க.’ போனா திரும்பி வராதன்னேன். அவ, ‘சரி’ன்னா. அவ்வளவுதாங்க. முப்பத்தாறு வருசத்துக்கு ஒரு ‘சரி’. போனவ போனவதான்.

ஒண்ணரை மாசமா நான் மெஸ்ஸுல திங்கிறேன். வீட்டுல எது எங்க இருக்குன்னு தெரியல. மூக்குக் கண்ணாடி கூட எங்க வைப்பான்னு தெரியாம, அது இல்லாமலே அலையுறேன். எனக்குக் கோவமா வருது, சில நேரம் அழுகையா வருது. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்க எறங்கிப் போயிருவீங்க.

இந்த மனுவுல எல்லாத்தையும் சொல்லி எழுத வச்சிருக்கேன். சாமியாரு கண்டவங்களப் பீடத்துல ஏத்துனது, எங்களக் குனிய வச்சது, எங் குடும்பத்தப் பிரிச்சது. போன்ல ஆயர் இல்லத்துச் செயலரு கேட்டாரு, ‘குடும்பத்தப் பிரிச்சாருங்குறீங்க, உங்க மனைவி அப்படிச் சொல்றாங்களா? அவங்க கையெழுத்து இருந்தாத்தான் பேச முடியும்.’ என்ன செய்ய? நேத்து மத்தியானம் போனேன். ஆமா, அங்கதான். கீழத்தெருவுக்கு. ஆறு வருசத்துல மொத தடவை.

வாசல்லயே நின்னேன். உள்ள போகல. அந்தப் பிள்ள வந்து எட்டிப் பாத்துச்சு. உள்ள திரும்பி, ‘அம்மாச்சி, யாரோ ஒரு தாத்தா வந்திருக்காரு’ன்னு சத்தம் போட்டுச்சு. யாரோ ஒரு தாத்தா. அது மேல தப்பில்ல, அதுக்கு என்ன தெரியும்.

பிரிட்டோ நாற்காலியத் தூக்கியாந்து வாசல்ல போட்டான். நான் ஒக்காரல. ஜெசிந்தா நிலைப்படியில வந்து நின்னா. மெலிஞ்சு போயிருக்கா. ‘உள்ள வாங்கப்பா, வெயிலா இருக்கு’ன்னா. பின்னாடியே பரிபூரணமும் வந்தா. பரிபூரணத்துக்கிட்ட கவர நீட்டினேன். அவ கன்னியர் பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் படிச்சவ. ஒக்காந்து, எழுத்துக் கூட்டி, மூணு பக்கத்தையும் வாசிச்சா. நான் வெயில்லயே நின்னேன். சண்டை போடுவா, கிழிப்பான்னுதான் நெனச்சேன். ‘எல்லாம் நடந்ததுதான்’ன்னா. பேனா குடுன்னு மருமகன்கிட்ட கேட்டு வாங்கி, போட்டுட்டா கையெழுத்து! கொஞ்சம் நேரம் எடுத்து என்னமோ அட்ரஸெல்லாம் எழுதினா. மடிச்சுக் கவருல போட்டு எங் கையில குடுத்து, ‘சாப்பிட்டுப் போங்க’ன்னா. நான் வந்துட்டேன்.

இப்ப என்ன சொல்றீங்க? அவளே போட்டுட்டா பாத்தீங்களா! அவளுக்கும் உள்ளுக்குள்ள நான் சொல்றதுதான் சரின்னு இருக்கு. வாயால ஒத்துக்க மாட்டா, அம்புட்டுத்தான்.

என்ன சிரிக்கிறீங்க? நம்பிக்கை இல்லையா? இந்தா, பிரிச்சுக் காட்டுறேன். கடைசிப் பக்கம் பாருங்க. இதுக பத்தும் அவனுக. இது நான். கீழ இருக்கிறது அவ. பரிபூரணம்னு இருக்கா? இருக்குல்ல? ... அதுக்கு மேல எழுதியிருக்கிறது அட்ரஸு. ... அட்ரஸு இல்லையா? பின்ன என்ன? எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாதுங்க, வாசிங்க. மெதுவா வாசிங்க, வண்டி இரையுது.

... ‘மரியாதைக்குரிய ஆயர் அவர்களுக்கு, இதில் எழுதியிருப்பது எல்லாம் உண்மையாக நடந்தது.’ பாத்தீங்களா, நான் சொன்னேன்ல! மேல வாசிங்க.

... ‘எங்கள் வீட்டுக்காரர் இன்று வாசல் வரைக்கும் வந்தார். ஆறு வருசத்தில் இதுவே முதல் தடவை. இன்னும் உள்ளே வரவில்லை. அவர் உள்ளே வருகிற வரைக்குமாவது இந்தச் சாமியாரை மாற்றிவிடாதீர்கள்.’

... இன்னொருக்கா வாசிங்க.

... குடுங்கய்யா இங்க. போதும். வாசிக்கச் சொன்னா வாசிக்கணும், எம் மூஞ்சியப் பாக்கக் கூடாது.

இந்த ஸ்டாப்பிங்தான், தெரியும், கண்டக்டரு, எறங்குறேன், கத்தாதீங்க. வேற பிரதி எங்கிட்ட இல்ல. இத இப்படியே கொண்டு போயிக் குடுத்தா செயலரு சிரிப்பாரு. அந்த நாலு வரிய மட்டும் கிழிச்சிரலாம். மடிச்சு, எச்சி தொட்டு இழுத்தா சுத்தமாக் கிழிஞ்சிரும், எனக்குத் தெரியும். ஆனா ஒட்டிக் கீழயே எழுதியிருக்காளே பேர. இதக் கிழிச்சா அவளும்ல போயிருவா.